ஸ்கேட்போர்டும் மனநலமும்: பள்ளி வடிவமைப்புத் திட்டத்தில் முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

பலகையின் அடியில் ஒரு மூளை, மூளைக்குள் பூக்கள், கீழே வளைந்த எழுத்தில் ‘மனம் திற’. ஸ்கேட்போர்டையும் மனநலத்தையும் சேர்த்துத் திட்டம் செய்யச் சொன்னால் முதல் வாரத்தில் வந்து நிற்கும் படம் இதுதான். படம் அழகாகவே இருக்கும். ஆனால் அதே படத்தைத் தேநீர்க் கோப்பையிலும் அச்சடிக்கலாம். அப்படியானால் ஸ்கேட்போர்டு எதற்கு?

தொடர்பு படத்தில் இல்லை, பலகையைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. ஒரே அசைவை நாற்பது முறை தவறவிட்டு நாற்பத்தோராவது முறை பிடிப்பது, யாரும் மதிப்பெண் போடாமல் தன் இலக்கைத் தானே வைத்துக்கொள்வது, விழுந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கை கொடுப்பது. இவற்றில் ஏதாவது ஒன்றை உங்கள் வடிவமைப்பு எளிதாக்க வேண்டும்.

கீழே உள்ள கணக்கு 13 முதல் 17 வயதுள்ள 10 முதல் 14 மாணவர்களுக்கானது. வேலை 10 வாரம், வாரத்துக்கு இரண்டு இரட்டைப் பாடவேளை. அதற்கு முன் தாள்வேலைக்கு 3 வாரம் தனி.

1. கேள்வியை ஒரே வரிக்குள் கொண்டுவாருங்கள்

‘ஸ்கேட்போர்டு மூலம் மாணவர்களின் மனநலத்தை மேம்படுத்துதல்’ என்று எழுதிக்கொண்டு தொடங்காதீர்கள். அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது, கடைசியில் நிரூபிக்கவும் முடியாது. யாருக்கு, எந்த நேரத்தில், எது தடுக்கிறது என்ற மூன்றும் கேள்வியில் இருக்க வேண்டும். உதாரணம்: ‘புதிதாகச் சேர்ந்து இடைவேளையில் தனியாக நிற்கும் எட்டாம் வகுப்பு மாணவர், யாரிடமும் அனுமதி கேட்காமலே வந்து கலந்துகொள்ளக்கூடிய ஸ்கேட் நேரத்தை எப்படி அமைப்பது?’ இதிலிருந்து பலகையின் அளவு, சேமிப்பு அலமாரி, அறிவிப்பு அட்டை எல்லாமே பிறக்கும்.

என்ன செய்து முடிக்கப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். படம் இல்லாத வெற்றுப் பலகையை வாங்கி வரைவதென்றால் 4 வாரம் போதும். வெனீர் எனப்படும் மெல்லிய மரத்தாள்களை ஒட்டி நீங்களே பலகை செய்வதென்றால் 10 வாரமும் வேண்டும், மரவேலைக் கூடமும் வேண்டும். மூன்றாவது வழி, பலகையோடு பயிற்சி அட்டைகளும் நேர ஒழுங்கும் சேர்ந்த தொகுப்பு. கூடம் இல்லாத பள்ளிக்கு முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் போதும். அதைக் குறைந்த வேலை என்று நினைக்க வேண்டாம்.

‘சிகிச்சை’, ‘குணமாகும்’ என்ற இரண்டு சொற்களையும் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இது வடிவமைப்புத் திட்டம், மருத்துவம் அல்ல.

2. தாள்கள்: பலகைக்கு முன்னால் இவை

மரம் வாங்கிவிட்டு அனுமதிக்கு அலைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கீழே உள்ள ஆறு தாள்களும் கையெழுத்தாகி வந்த பிறகே எதையும் வாங்குங்கள்.

• தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதி: இடம், நாள், நேரம், பொறுப்பாசிரியர் பெயருடன்.
• பெற்றோர் ஒப்புதல்: வெட்டும் கருவி, பலகை ஏறுதல், கருத்துக்கணிப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஒரே கையெழுத்தில் மூன்றையும் வாங்கினால், ஒன்றை மட்டும் மறுக்க நினைக்கும் பெற்றோர் மொத்தத்தையும் மறுத்துவிடுவார்.
• மாணவரின் சொந்த ஒப்புதல். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.
• ஆபத்துக் கணிப்பு: கூடத்துக்கு ஒன்று, தளத்துக்கு ஒன்று.
• பள்ளியின் காப்பீட்டில் ஸ்கேட்போர்டு சேர்கிறதா என்பதற்கு எழுத்தில் பதில். ‘விளையாட்டு எல்லாம் சேரும்’ என்ற வாய்ப்பேச்சு போதாது. சக்கரப் பலகையைப் பெயர் சொல்லி விலக்கும் காப்பீடுகள் உண்டு.
• பரிந்துரைத் தாள்: ஒரு மாணவர் கவலைக்குரிய எதையாவது சொன்னால் யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் போக வேண்டும் என்ற ஒரு பக்கம்.

கடைசித் தாளைத் தள்ளிப்போட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருக்கிறது. உங்கள் 14 பேர் குழுவில் இருவர் அப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். பேச்சு எங்கோ போய், ஒருவர் திடீரென்று மனம் விட்டுச் சொல்லும்போது, ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்லுவேன்’ என்பதே சரியான பதில். இதைப் பொறுப்பாசிரியர் மட்டுமின்றிக் கேள்வி கேட்கப்போகும் மாணவர்களும் பழகியிருக்க வேண்டும்.

3. கேட்டறிதல் (1, 2-ஆம் வாரம்)

இணையத்தில் கிடைக்கும் மனநல வினாத்தாளை அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் எளிதாகக் கிடைக்கும். அதன் கடைசிக் கேள்வி இறந்துபோகும் எண்ணத்தையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. யாராவது அதில் ‘ஆம்’ பக்கம் குறித்து, தாளில் பெயரும் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? டபிள்யூ.எச்.ஓ-5 என்ற இன்னொரு வினாத்தாள் மென்மையானது, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஐந்தே கேள்விகள், மொத்த மதிப்பெண்ணை நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு வரும். ஆனால் அதிலும் மதிப்பெண் தாழ்ந்து வந்தால் யாராவது கவனித்தாக வேண்டும். மாணவர் திட்டத்துக்கு இரண்டுமே வேண்டாம்.

நலனைக் கேட்காமல் நேரத்தையும் இடத்தையும் கேளுங்கள். ‘பள்ளியில் எந்த அரைமணி நேரம் மெதுவாக நகர்கிறது?’ ‘புதிதாக ஒன்றைக் கற்கும்போது யார் பார்த்தால் கூச்சம்?’ ‘கடைசியாக எப்போது நேரம் போனதே தெரியவில்லை?’ ஆறு பேரிடம் இப்படி இருபது நிமிடம் பேசினால், அறுபது பேர் நிரப்பிய படிவத்தைவிட வடிவமைப்புக்குத் தீனி கிடைக்கும். கூச்சம் பற்றிய பதில்கள்தான் பெரும்பாலும் தங்கம்: ‘தெரிந்தவர்கள் முன்னால் விழுவது’ என்று ஒருவர் சொன்னால், பயிற்சி இடத்தை எந்தப் பக்கம் திருப்பி அமைக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

பின்னணி ஆய்வுக்குத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2020-இல் வெளியிட்ட ஸ்கேட்போர்டு ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். ஸ்கேட்டிங் மன அழுத்தத்தைச் சமாளிக்க உதவுவதாக அதில் இளைஞர்கள் சொல்கிறார்கள். ஆனால் பதில் சொன்னவர்கள் ஏற்கெனவே ஸ்கேட்டிங் செய்கிறவர்கள். பிடிக்காமல் விட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இந்த ஒரு வரியை உங்கள் கோப்பில் நீங்களே எழுதிவிட்டால் மதிப்பீட்டாளர் கேட்க எதுவும் மிச்சமிருக்காது.

4. அளவுகளும் செலவும்

ஒரு முழுப் பலகைக்கு வேண்டியவை: டெக் (ஏறி நிற்கும் மரப்பலகை) 1, ட்ரக் (சக்கரங்களைத் தாங்கும் உலோக அச்சு) 2, சக்கரம் 4, 608 வகை பேரிங் 8 (உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22, தடிமன் 7), ஒரு அங்குல போல்ட்டும் நட்டும் 8, கிரிப் டேப் (கால் வழுக்காமல் டெக்கின் மேல் ஒட்டும் சொரசொரப்பான தாள்) ஒன்று.

டெக் 31 முதல் 32 அங்குல நீளம், 8 அங்குல அகலம் இருந்தால் பெரும்பாலானோருக்குச் சரி. சக்கரத்தைத் தளம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சொரசொரப்பான தரையில் 54 முதல் 58 மி.மீ. விட்டமும் 78ஏ முதல் 87ஏ வரை மென்மையும் உள்ளவை (எண் கூடக் கூடச் சக்கரம் கடினம்). 99ஏ கடினச் சக்கரம் வழுவழுப்பான பூங்காத் தளத்துக்கு. அதைக் கரடான முற்றத்தில் கொடுத்தால் உள்ளங்கால் அதிர்ந்து, சிறு கல்லுக்கே பலகை நின்றுவிடும். புதிதாக ஏறியவர் அன்றோடு விலகிவிடுவார்.

செலவில் பாதிக்கு மேல் ட்ரக், சக்கரம், பேரிங்கில்தான் போகும். ஆகவே டெக் மட்டும் ஆளுக்கொன்று, அடிப்பாகம் நான்கு பேருக்கு ஒன்று. எட்டு போல்ட்டைக் கழற்றி அடுத்த டெக்கில் மாட்டப் பத்து நிமிடம்கூட ஆகாது. இந்த ஒரு முடிவிலேயே பட்ஜெட் பெருமளவு இறங்கும். மிச்சத்தைத் தலைக்கவசத்திலும் மணிக்கட்டுக் காப்பிலும் போடுங்கள். அவற்றைப் பகிர்ந்துகொண்டால் அளவு பொருந்தாது. ஒட்டும்போது கெட்டுப்போக ஒரு பலகைக்கான வெனீரைக் கூடுதலாகவே வாங்கிவையுங்கள். முதல் பலகை அநேகமாகக் கெடும்.

5. ஒட்டுதல் (3 முதல் 5-ஆம் வாரம்)

தச்சுக் கடையில் கிடைக்கும் சாதாரண பிளைவுட்டை வெட்டி டெக் செய்ய முடியுமா என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் வரும். முடியாது. உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கும், மரமும் மென்மையானது; ஒருவர் குதித்து இறங்கியதும் போல்ட் வரிசையிலேயே பிளக்கும்.

வேண்டியது கடின மேப்பிள் வெனீர் 7 தாள், ஒவ்வொன்றும் சுமார் 1.5 மி.மீ. தடிமன், 25 செ.மீ. அகலம், 84 செ.மீ. நீளம். வரிசை: நீளம், நீளம், குறுக்கு, நீளம், குறுக்கு, நீளம், நீளம். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் மரரேகை குறுக்கே ஓடும். அவை இல்லாவிட்டால் பலகை நெடுக்காகப் பிளந்துவிடும். நடுத்தாளுக்கு இருபுறமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் காய்ந்ததும் முறுக்கிக்கொள்ளும். ஒட்டுமுன் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் எண் போட்டு நடுக்கோடும் இழுத்துவிடுங்கள்.

நீர் தாங்கும் மஞ்சள் மரப்பசை ஒரு பலகைக்குக் கால் கிலோ அளவில் பிடிக்கும். ஆறு ஒட்டுமுகங்கள் இருக்கின்றன, பசை தோல் கட்ட ஏறக்குறைய பத்து நிமிடம்தான். ஆகவே பசை இல்லாமல் ஒருமுறை முழு ஒத்திகை பாருங்கள். ஒருவர் ஊற்ற, ஒருவர் உருளையால் பரப்ப, மூன்றாமவர் தாள் எடுத்துக் கொடுக்க வேண்டும். பரப்பிய முகம் முழுக்க ஈரமாகப் பளபளக்க வேண்டும். மரம் தெரிகிற திட்டு ஒவ்வொன்றும் பின்னால் அடுக்குப் பிரியும் இடம். அறை 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் அன்று ஒட்டாதீர்கள். பசை சுண்ணாம்புபோல் வெளுத்துப் பிடிப்பே இல்லாமல் போகும்.

பள்ளிக்கு ஏற்றது வெற்றிடப் பை. நுரைப்பலகையில் செதுக்கிய அச்சின் மேல் தாள்களை வைத்து, காற்று ஓட வலைத்துணி போர்த்தி, பைக்குள் மூடிக் கைப்பம்பால் காற்றை இழுப்பீர்கள். காற்று போகப்போகப் பை சுருங்கி, அடுக்கு அச்சோடு வளைந்து ஒட்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நேரத்தில் வெளிக்காற்று ஒன்றரை டன்னுக்கு மேல் எடையாகப் பலகையை அமுக்குகிறது. பொருள் பொதிய வரும் லேசான தெர்மோகோல் இதைத் தாங்காமல் நசுங்கிவிடும். கட்டடங்களில் வெப்பம் தடுக்கப் போடும் கெட்டியான நுரைப்பலகைதான் வேண்டும்.

பம்பை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அரைமணி கழித்து வந்து பையைக் கிள்ளிப் பாருங்கள். தளர்ந்திருந்தால் எங்கோ கசிவு, பெரும்பாலும் மடிப்பில் சிக்கிய வலைநூல்தான். குறைந்தது எட்டு மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விடுங்கள். ஒரு பைக்கு ஒரு நாளில் ஒரு பலகைதான். 12 பலகைக்கு ஒரே பை என்றால் 12 பள்ளி நாள் போய்விடும். கால அட்டவணை சரிவது இந்த இடத்தில்தான். இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்த பலகையை மூன்று நாள் சுவரில் சாய்த்து இருபுறமும் காற்றுப் பட வையுங்கள். தரையில் படுக்கவைத்தால் ஒருபுறம் மட்டும் காய்ந்து வளைந்துகொள்ளும்.

6. துளையும் வெட்டும் (6-ஆம் வாரம்)

முதலில் துளை, பிறகுதான் வெட்டு. வெட்டித் தேய்த்த விளிம்பிலிருந்து அளந்து துளையிட்டால் ட்ரக் கோணலாகி, பலகை தானாக ஒரு பக்கம் இழுக்கும். நடுக்கோட்டிலிருந்து அளங்கள். ஒரு ட்ரக்குக்கு நான்கு துளை: அகலவாக்கில் 41.3 மி.மீ., நீளவாக்கில் 54 மி.மீ. இரண்டு ட்ரக்கின் உள்துளைகளுக்கு நடுவே 356 முதல் 368 மி.மீ. வெளித்துளையிலிருந்து முனைவரை 165 முதல் 178 மி.மீ. 5 மி.மீ. டிரில் போதும். அடியில் கழிவு மரத்தை வைத்து இறுக்கி மேலிருந்து துளையிட்டால் கீழ்த்தாள் சிதறாது.

ஜிக்சா ரம்பத்தால் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே வெட்டுங்கள். பிறகு அரம், அதன்பின் உப்புத்தாள் 80, 120, 220. தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். வார்னிஷ் மூன்று பூச்சு. விளிம்புக்கு இன்னொன்று கூடுதலாக, ஏனென்றால் தண்ணீர் குடிப்பது விளிம்புதான்.

7. படம்: எது தேயும் என்று பார்த்து வரையுங்கள் (7-ஆம் வாரம்)

அடிப்பக்கத்தில் இரண்டு ட்ரக்குகளுக்கும் நடுவே உள்ள பகுதி கம்பியிலும் படிக்கட்டு விளிம்பிலும் உரசித் தேயும். தேயக் கூடாத எதையும் அங்கே வைக்காதீர்கள். உதவி எண்ணையோ கியூஆர் குறியையோ அடியில் அச்சடிப்பது வீண் வேலை. இரண்டு வாரத்தில் கீறல்தான் மிஞ்சும். எண் மாறிவிட்டால் தவறான எண் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைத் தனி அட்டையில் போட்டு அலமாரிக் கதவில் ஒட்டுங்கள்.

தேய்மானத்தையே வடிவமைப்பாக மாற்றலாம். அடியிலிருந்து இரண்டாவது தாளைச் சாயம் ஏற்றிய வெனீராக, நீலமோ மஞ்சளோ, வைத்துவிடுங்கள். ஓட்ட ஓட்ட அடித்தாள் கீறி உள்ளே இருக்கும் நிறம் வெளிவரும். எவ்வளவு முயன்றார் என்பதைப் பலகையே காட்டும், ஒரு வாசகமும் வேண்டாம். மூளை, முகமூடி, அழும் கண் எல்லாவற்றையும்விட இது மேல் என்பது எங்கள் கட்சி.

வரையத்தான் போகிறீர்கள் என்றால் அக்ரிலிக் மார்க்கர், மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். தன்னைக் காயப்படுத்தும் காட்சி, அதற்கான பொருள்கள், இவை எந்த உருவகத்திலும் வேண்டாம். ‘சிரி, எல்லாம் சரியாகும்’ வகை வாசகமும் வேண்டாம். உண்மையில் சிரமத்தில் இருப்பவருக்கு அது வாயை அடைப்பதுபோல் இருக்கும்.

8. பூட்டுதல்

கிரிப் டேப்பை நடுவிலிருந்து இரு முனைக்கும் நீவி ஒட்டுங்கள். விளிம்பில் அரத்தை ஓட்டினால் வெள்ளைக் கோடு தெரியும், அந்தக் கோட்டில் பிளேடு. ட்ரக்கை மாட்டும்போது அதன் நடுப் பெரிய போல்ட்டும் ரப்பர் வளையங்களும் பலகையின் உள்பக்கம் பார்த்து, ஒன்றையொன்று எதிர்நோக்க வேண்டும். ஒன்று திரும்பிவிட்டாலும் பலகை சாய்த்த பக்கம் திரும்பாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். பார்வைக்கு எதுவும் தெரியாது, ஏறினால்தான் தெரியும். சக்கர நட்டை முழுக்க இறுக்கி, சக்கரம் மிகச் சிறிதளவு பக்கவாட்டில் ஆடும்வரை தளர்த்துங்கள். நடுப் போல்ட் முதல் வாரங்களில் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும்.

9. ஏறிப் பார்த்தல் (8, 9-ஆம் வாரம்)

தலைக்கவசத்தில் ஏ.எஸ்.டி.எம். எஃப்1492 அல்லது இ.என். 1078 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்பு எல்லோருக்கும். ஸ்கேட்டிங்கில் அதிகம் அடிபடுகிறவற்றில் மணிக்கட்டு ஒன்று. கையை நேராக நீட்டித் தரையில் ஊன்றுவதே காரணம். ஆகவே முதல் வகுப்பு விழுவதற்கு: முழங்காலை மடக்கித் தாழ்ந்து, காப்பின் மேல் சறுக்க வேண்டும். தளத்தைப் பெருக்காமல் யாரும் ஏறக் கூடாது.

முதல் ஏற்றம் புல்லிலோ தடித்த விரிப்பிலோ, சக்கரம் உருளாத இடத்தில். பிறகு இருவருக்கு ஒரு பலகை. ஓட்டுபவருக்கு எதிரே நிற்பவர் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து நீட்ட வேண்டும், அவர் கையைப் பற்றி இழுக்கக் கூடாது. ஓட்டுபவரே பிடிப்பார், தயாரானதும் அவரே விடுவார். எப்போது விடுவது என்ற முடிவு அவர் கையில் இருப்பதுதான் இங்கே முக்கியம். ஐந்து நிமிடத்துக்கொரு முறை இடம் மாற்றிக்கொள்ளுங்கள். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கும் இதே விதி, இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் தளம் அவர்களுடையதாகிவிடும்.

ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு துண்டுத் தாள்: முன்னும் பின்னும் 10 செ.மீ. கோட்டில் ஒரு புள்ளி (இடக்கோடி ‘கனமாக’, வலக்கோடி ‘லேசாக’), இன்று எத்தனை முறை முயன்றேன், யாரிடம் கேட்டேன். பெயருக்குப் பதில் அவரவர் தேர்ந்தெடுத்த ஒரு வடிவம்.

10. ஒப்படைப்பு (10-ஆம் வாரம்)

துண்டுத் தாள்களிலிருந்து ‘மனச்சோர்வு இத்தனை சதவீதம் குறைந்தது’ என்று எழுதிவிடாதீர்கள். 14 பேர், இரண்டு வாரம், ஒப்பிட வேறு குழு இல்லை. எழுதக்கூடியது இதுதான்: எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், யாரும் கேட்காமல் எத்தனை பேர் கை கொடுத்தார்கள், எந்தப் புள்ளி இடப்பக்கம் நகர்ந்தது. இடப்பக்கம் போனவற்றை மறைக்காதீர்கள். அவைதான் வடிவமைப்பில் எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும்.

கோப்பில் தோல்வியடைந்த பலகையின் வெட்டுத்துண்டை ஒட்டுங்கள். பிரிந்த அடுக்கையும் அதன் காரணத்தையும் அரைப் பக்கத்தில் விளக்கினால் பத்து அழகான புகைப்படங்களைவிட எடை அதிகம். புகைப்படத்துக்கான ஒப்புதல் முன்னால் சொன்ன ஆறில் சேராத தனித் தாள் என்பதால் முகம் தெரியும் படங்களைக் காட்சிக்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

காட்சி முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் மீண்டும் இறுக்கி, விரிசல் விழுந்த டெக்கைத் தனியே ஒதுக்கி, மற்றவற்றை ஈரம் படாத அலமாரியில் நிறுத்திவையுங்கள். சாவி ஒரு ஆசிரியரிடம், ஏறும் நேர அட்டவணை கதவில். துண்டுத் தாள்களையும் நேர்காணல் குறிப்புகளையும் மதிப்பெண் வந்த மறுநாளே கிழித்துவிடுங்கள்.